‘லேசா ஓட்டுங்க’ என்றால் எத்தனை வாட்? இடுப்பருகே எலும்பு முறிந்த ஒரு சைக்கிளோட்டி: நிகழ்வு ஆய்வு

என்னிடம் பிசியோதெரபிக்கு வந்த இந்தச் சைக்கிளோட்டியைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டபோது, "எழுதுங்க மேடம், ஆனா அந்த அஞ்சாவது வாரத்தையும் விடாம எழுதுங்க" என்றார். விடாமல்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

விழுந்த விதம்

வயது 52, ஆண், எடை 68 கிலோ. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. பதினான்கு ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டுகிறார். வாரத்துக்குச் சுமார் 250 கிலோமீட்டர். வேறு உடற்பயிற்சி எதுவும் கிடையாது. நடை, ஓட்டம், எடை தூக்குதல் என்று கேட்டபோது, "அதுக்கெல்லாம் நேரம் இருந்தா இன்னும் ஒரு சுத்து ஓட்டிட்டு வந்துருவேனே" என்று சொன்னார். இந்தப் பதிலை அன்றே அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். பின்னால் அதற்கு வேலை வந்தது.

மலை இறக்கத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் விழுந்தது, நிற்கப் போன இடத்தில். முன்னால் போன வண்டி நின்றது, இவரும் நிறுத்தினார், வழக்கம்போல இடது காலை ஊன்றப் போனார். ஷூவின் அடியில் இருக்கும் கிளிட் பெடலிலிருந்து கழறவில்லை. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழறும்; ஆயிரக்கணக்கான தடவை கழற்றியவர்தான். அன்று அரை நொடி தாமதம். பூட்டிய காலோடு, வெட்டிய மரம்போல இடப்பக்கம் சாய்ந்தார். இடுப்பின் பக்கவாட்டில் கை வைத்தால் தட்டுப்படுமே ஓர் எலும்பு மேடு, அது நேராகத் தரையில் மோதியது.

எழுந்து நின்றார். அடுத்து அவர் செய்ததைச் சொன்னால் சைக்கிள் ஓட்டாதவர்கள் நம்ப மாட்டார்கள், ஓட்டுகிறவர்களுக்கு ஆச்சரியமே இருக்காது. முதலில் கியரைப் பார்த்தார். பிறகு ஹேண்டில்பார் கோணலா என்று பார்த்தார். பிறகு ஏறி, வலது காலாலேயே மிதித்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வலி தொடை இடுக்கில் இருந்தது. சதைப்பிடிப்பு என்று நினைத்து ஐஸ் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து இடது காலைத் தூக்கப் பார்த்தால் கால் எழவில்லை.

முதல் எக்ஸ்ரேயில் கோடு தெளிவாக இல்லை. எம்ஆர்ஐயில் தெரிந்தது: இடது தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. துண்டுகள் விலகவில்லை, ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தன. அதனால்தான் நிற்க முடிந்திருக்கிறது, மிதிக்கவும் முடிந்திருக்கிறது. கீழே விழுந்தவருக்குத் தொடை இடுக்கில் வலி, படுத்தபடி காலைத் தூக்க முடியவில்லை என்றால், அவர் நடந்தே வந்திருந்தாலும் எலும்பு சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எக்ஸ்ரே சுத்தமாகத் தெரிந்தாலும் அதேதான்.

மறுநாளே அறுவை. கழுத்தின் நெடுகே மூன்று ஸ்க்ரூ போட்டார்கள்.

ஏன் இந்த எலும்புக்கு இத்தனை பயம்

தொடை எலும்பின் மேல்முனையில் பந்துபோல ஒரு தலை இருக்கிறது. இடுப்புக் குழிக்குள் சுழல்வது அதுதான். தலையையும் தண்டையும் இணைப்பது கழுத்து. தலைக்குப் போகும் இரத்தத்தில் பெரும்பகுதி, கழுத்தின் மேல் ஒட்டி ஏறும் சிறு நாளங்கள் வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. கழுத்து முறிந்தால் அந்த நாளங்களும் அடிபடலாம். முறிவு கூடிய பிறகும், இரத்தம் போதாமல் தலை மெல்ல மெல்லச் செத்துத் தட்டையாகிவிடும் ஆபத்து உண்டு. சிலருக்கு இது ஓராண்டு, இரண்டாண்டு கழித்துத்தான் வெளியே தெரியும். வயதானவர்களுக்கு இதே முறிவு வந்தால் பல சமயம் மூட்டையே மாற்றிவிடுகிறார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு, முடிந்தவரை சொந்த எலும்பைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள்.

ஸ்க்ரூ போட்டாயிற்று, இனி பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்க்ரூக்கள் எலும்பு கூடும்வரை துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன, அவ்வளவுதான். சுமை விழும்போது துண்டுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொள்ள அவை கொஞ்சம் இடம் கொடுக்கும். அளவுக்கு மீறிச் சுமை விழுந்தால் கழுத்து குறுகும், ஸ்க்ரூக்கள் பக்கவாட்டில் பின்வாங்கிச் சதையில் உரசும். அதற்கும் மேலே போனால் தலையே சாய்ந்துவிடும்.

என்னிடம் வந்த நாள்

அறுவை முடிந்து ஒன்பதாம் நாள் வந்தார். இரண்டு ஊன்றுகோல். இடது காலின் முன்பாதம் மட்டும் தரையைத் தொடலாம், எடை போடக் கூடாது என்பது அறுவை மருத்துவரின் உத்தரவு. இவர் பாதத்தைத் தரையில் படவிடாமல் முட்டியை மடக்கித் தூக்கியபடி வந்தார். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் செய்தார். காலை அந்தரத்தில் பிடித்திருக்க இடுப்புத் தசைகள் இறுகி இழுக்கும். அந்த இழுப்பே மூட்டை அழுத்தும். விரல்களைத் தரையில் மெதுவாக வைத்து எடுப்பது அதைவிட நல்லது. படுத்தபடி முட்டியை மடக்காமல் காலைத் தூக்கும் பயிற்சியை வீடியோ பார்த்து ஐம்பது ஐம்பதாகச் செய்துகொண்டிருந்தார். அதையும் அன்றே நிறுத்தினேன்.

அசைவுகளைப் பார்த்தேன், தொடைச் சுற்றளவை அளந்தேன். முட்டிச் சில்லுக்கு 15 சென்டிமீட்டர் மேலே, இடது தொடை வலதைவிட அதற்குள்ளேயே 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு வெறும் 52. அறுவை முடிந்து ஒன்பது நாளில், ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்த ஒருவருக்கு 52.

இந்த நோயாளியின் சிக்கலே அந்த எண்ணில்தான் இருந்தது. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. இதயம் பயிற்சி பெற்றது, நுரையீரல் பயிற்சி பெற்றது, வலியைத் தாங்கும் மனசும் பயிற்சி பெற்றது. மலையேற்றத்தில் தொடை எரிய எரிய மிதித்துப் பழகியவர். சாதாரண நோயாளி களைத்துப்போய்த் தானே நிறுத்திக்கொள்வார். அந்தக் களைப்பு எலும்புக்கு ஒரு காவல். இவருக்கு அந்தக் காவல் இல்லை. எலும்பு போதும் என்று கெஞ்சுகிற இடத்தில் இவர் உடம்பின் மற்றப் பாகங்களுக்கு வியர்வைகூட அரும்பியிருக்காது.

கிளம்பும்போது கேட்டார்: "எப்ப ஓட்டலாம் மேடம்?" கூட வந்திருந்த அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கேள்வியை வீட்டில் எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று அந்தத் திரும்பலே சொன்னது.

அடுத்த முறை வந்தபோது ஓர் எண்ணோடு வந்தார்: 86. 2024 ஏப்ரல் 4 அன்று ஸ்பெயினின் பாஸ்க் பகுதிப் பந்தயத்தில் சைக்கிள் வீரர் யோனாஸ் விங்கேகோர் விழுந்தார். காறை எலும்பு முறிந்தது, விலா எலும்புகள் முறிந்தன, நுரையீரலும் பாதிக்கப்பட்டது. ஜூன் 29 அன்று டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தொடங்கியபோது வரிசையில் நின்றார். இரண்டாம் இடத்தில் முடித்தார். இடையில் 86 நாள். "அவரால முடிஞ்சிருக்கே?"

காறை எலும்பு உடம்பைத் தாங்குவதில்லை, தொடை எலும்பின் கழுத்து தாங்குகிறது என்று விளக்கினேன். நான்கு முறை டூர் வென்ற கிறிஸ் ஃப்ரூமுக்கு 2019 ஜூனில் தொடை எலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பந்தயத்துக்கு வந்தார், ஆனால் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. இவருடைய முறிவுக்கு இன்னும் நெருக்கமான கதை அமெரிக்க சைக்கிள் வீரர் ஃபிளாய்ட் லாண்டிஸுடையது. 2003இல் பயிற்சியில் விழுந்து இதே கழுத்துப் பகுதி முறிந்தது, ஸ்க்ரூ போட்டார்கள், பந்தயத்துக்கும் திரும்பினார். எலும்பின் தலைக்கு இரத்தம் போகாமல் அது செத்தது. வலியோடே ஓட்டி 2006இல் மூட்டு அறுவை செய்துகொண்டார். ஊக்கமருந்து விவகாரத்தில் அவருடைய டூர் பட்டம் பறிபோனது வேறு கதை. நான் சொன்னது அந்த இடுப்பின் கதையை மட்டும்.

கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவர் நினைவில் நின்றது என்னவோ 86 என்ற எண்தான். ஏங்குகிறவர் காதில் எது விழும், எது விழாது என்பது எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

ஐந்தாவது வாரம்

நான்காம் வார முடிவில் அறுவை மருத்துவர் எதிர்ப்பு இல்லாமல் நிலைச் சைக்கிள் மிதிக்க அனுமதித்தார். இது வழக்கத்துக்கு மாறானதல்ல. நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு சுமை விழுகிறது. உட்கார்ந்து, எதிர்ப்பைக் குறைத்து மிதித்தால் அது உடல் எடையைவிடக் குறைவு. மூட்டு அசையும், இரத்த ஓட்டம் கூடும், மனசும் தேறும்.

வீட்டில் டிரெய்னர் இருந்தது. சொந்தச் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதில் மாட்டி ஓட்டும் கருவி. அதில் ஓட்டலாமா என்று கேட்டார்.

"ஓட்டலாம். லேசா ஓட்டுங்க" என்றேன்.

இந்த ஆய்வை எழுத வைத்ததே அந்த ஒரு சொல்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் இரவு, தொடை இடுக்கில் வலி வந்து புரண்டு படுக்க முடியாமல் தவித்திருக்கிறார். காலையில் என்னிடம் வந்தார், முகம் வெளிறியிருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "நீங்க சொன்ன மாதிரி லேசாத்தான் ஓட்டினேன்." மொபைலை எடுத்து அந்தப் பயிற்சியின் பதிவைக் காட்டினார். 45 நிமிடம். மிதிக்கும் பலம் சராசரி 140 வாட். ஐந்து இடங்களில் கோடு செங்குத்தாக எழுந்திருந்தது. அந்த ஐந்து இடங்களிலும் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்திருக்கிறார். ஒவ்வொன்றும் இருபது நொடி.

கோபம் வந்தது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் அந்தக் கோபம் என் பக்கம் திரும்பிவிட்டது. "மேடம், நான் சும்மா நாலு மணி நேரம் ஓட்டுறப்பவே 180 வாட் போகும். 140ங்கிறது எனக்கு ஓய்வு நாள்ல ஓட்டுறது. எழுந்து நின்னது, உக்காந்து உக்காந்து பின்பக்கம் மரத்துப்போச்சு, அதுக்காக."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் அகராதியில் அது லேசுதான். சைக்கிளோட்டிகள் களைப்பாற நின்று மிதிப்பார்கள். அது அவர்களுக்குச் சோம்பல் முறிப்பதுபோல. இடுப்பு மூட்டுக்கு அப்படியில்லை. எழுந்து நின்ற கணத்தில் உடம்பின் எடை மாறி மாறி ஒற்றைப் பெடலின் மேல் இறங்கும். ஊன்றுகோலோடு விரல்நுனி மட்டும் தரையைத் தொட வேண்டிய கால், ஐந்து முறை இருபது இருபது நொடி முழு உடலையும் தாங்கியிருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்தோம். ஸ்க்ரூக்கள் முந்தைய படத்தைவிடச் சில மில்லிமீட்டர் பின்வாங்கியிருந்தன, கழுத்து சற்றுக் குறுகியிருந்தது. தலை சாயவில்லை. படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு அறுவை மருத்துவர் வெகுநேரம் பேசாமல் நின்றார். மறு அறுவை வேண்டாம், காத்துப் பார்க்கலாம் என்று கடைசியில் சொன்னார். சைக்கிள் மூன்று வாரத்துக்கு இல்லை. விரல்நுனி நடை பத்தாம் வாரம் வரை நீண்டது.

அந்தக் குறுகல் முழுவதும் அந்த ஒரு மாலையால் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. இவ்வகை முறிவில் கொஞ்சம் குறுகுவது சகஜம். ஆனால் என் அறிவுரையில் அளவே இல்லை என்பதை அதைக் காட்டி மறைக்கவும் முடியாது. மருந்துச் சீட்டில் "மாத்திரை லேசாகச் சாப்பிடவும்" என்று யாராவது எழுதுவார்களா?

எண்ணால் பேசியது

எட்டாம் வாரம் மறுபடி தொடங்கியபோது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். 25 வாட். நிமிடத்துக்கு 60 சுற்று. 8 நிமிடம், ஒரு நாளுக்கு ஒரு முறை. சீட்டை விட்டு எழக் கூடாது. கிளிட் கிடையாது, சாதாரணத் தட்டைப் பெடல். ஏறி இறங்க மனைவி பக்கத்தில் நிற்க வேண்டும். நாடித்துடிப்பு எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கவே வேண்டாம், அது இப்போது எதையும் காட்டாது.

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. இப்படி ஆகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 25 வாட் என்பது அவருக்கு அவமானமாக இருக்கும், முரண்டு பிடிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். எண் கைக்கு வந்ததும் அவருக்கு அது பயிற்சித் திட்டம் ஆகிவிட்டது. பதினான்கு ஆண்டாகத் திட்டம் போட்டு ஓட்டுகிறவர். திட்டத்தை மீறுவது அவர் பழக்கத்திலேயே இல்லை. ஐந்தாவது வாரத்திலும் அவர் மீறவில்லை. நான்தான் திட்டம் தரவில்லை.

கூட்டுவதற்கும் ஒரு விதி வைத்தோம். ஓட்டி முடித்த உடனே வலிக்கிறதா என்பதை அவர் கணக்கில் எடுக்கக் கூடாது; அவர் வலிதாங்கும் அளவு நம்பத்தக்கதல்ல. மறுநாள் காலை, கட்டிலிலிருந்து முதல் அடி வைக்கும்போது தொடை இடுக்கில் என்ன தெரிகிறது என்பதை மட்டும் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து பூஜ்யம் என்றால் 2 நிமிடம் கூட்டலாம். ஒன்று என்றால் அதே அளவு. இரண்டைத் தொட்டால் ஒரு நாள் விடுப்பு, பிறகு முந்தைய அளவு. 20 நிமிடத்தை எட்டிய பிறகுதான் வாட்டைத் தொடலாம். அதுவும் வாரத்துக்கு 10.

அவர் ஒரு நோட்டுப் போட்டார். ஒவ்வொரு காலையும் ஓர் எண், அதன் பக்கத்தில் ஒரு வரி. ஒன்பதாம் வாரத்தில் ஒரு நாள்: "1. மழை. எல்லாரும் ஓட்டப் போகல. கொஞ்சம் நிம்மதி." அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். காலையில் நண்பர்கள் கூட்டமாகப் போகும் சத்தம் கேட்கும் நேரம்தான் அவருக்கு மிகவும் வலித்த நேரம்; அது பத்துக்கு எத்தனை என்று நான் கேட்டதில்லை. அதன்பின் கேட்க ஆரம்பித்தேன். அந்தக் கூட்டத்தோடு தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க, ஓட்டி முடித்து அவர்கள் உட்கார்ந்து பேசும் இடத்துக்கு ஞாயிறுதோறும் ஊன்றுகோலோடு போகச் சொன்னேன். முதல் தடவை போக மறுத்தார். இரண்டாம் வாரம் போனார். பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சைக்கிள் மட்டும் ஓட்டிய எலும்பு

நிற்கப் போய் விழுந்ததற்கு 52 வயதில் இடுப்பு உடைந்திருக்கக் கூடாது. அறுவை மருத்துவர் அதைக் கவனித்து, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எழுதியிருந்தார். முதுகெலும்பில் டி மதிப்பெண், அதாவது இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்ட அளவு, மைனஸ் 2.1. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5ஐத் தொட்டுவிட்டால் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வைட்டமின் டியும் குறைவாக இருந்தது.

அவரால் இதை ஏற்கவே முடியவில்லை. "வாரம் 250 கிலோமீட்டர் ஓட்டுறவனுக்கா?"

அதனால்தான் என்றுகூடச் சொல்லலாம். ஜூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதியதுபோல, எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக் கட்டிக்கொள்கிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி எலும்புக்குள் போகிறது. சைக்கிளில் உடல் எடையைச் சீட்டும் ஹேண்டிலும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கால் வட்டமாக வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது, மோதல் இல்லை. முட்டிக்கு நல்லது என்று நாம் எல்லோரும் சொல்லும் அதே காரணம் எலும்புக்குப் போதாமை ஆகிவிடுகிறது. சாலைப் பந்தய வீரர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது பல முறை பதிவாகியிருக்கிறது. பகலெல்லாம் நாற்காலி, காலையில் சைக்கிள் சீட். இவர் எலும்புகள் தரையை உணர்ந்த நேரம் மிகக் குறைவு. அன்று அடிக்கோடிட்ட பதிலை எடுத்துப் படித்துக் காட்டினேன்.

மருந்து பற்றிய முடிவுகளை அதற்குரிய மருத்துவர் எடுத்தார். என் பங்கு, நடையையும் எடைப் பயிற்சியையும் இவர் வாழ்க்கையில் நிரந்தரமாக நுழைப்பது. அது சைக்கிளைத் திரும்பக் கொடுப்பதைவிடக் கடினமாக இருந்தது.

நடக்கக் கற்றல்

பத்தாம் வாரம் எடை போடத் தொடங்கினோம். 20 கிலோ போடலாம் என்றால் 20 கிலோ எப்படி இருக்கும் என்று காலுக்கு எப்படித் தெரியும்? எடை பார்க்கும் கருவியை எடுத்து வந்து, அதே உயரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டு, வலது காலைப் பலகையிலும் இடது காலைக் கருவியிலும் வைக்கச் சொன்னேன். முள் 20இல் நிற்கும்வரை அழுத்த வேண்டும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே அழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். முதல் தடவை கண்ணைத் திறந்து பார்த்தபோது முள் 41இல் இருந்தது. மூன்றாம் நாள் 22. பத்து நாளில் கண்ணை மூடிக்கொண்டே சொன்ன எண்ணில் நிறுத்தினார்.

12ஆம் வார எக்ஸ்ரேயில் முறிவுக் கோட்டைத் தாண்டி எலும்பு இழைகள் ஓடத் தொடங்கியிருந்தன. ஓர் ஊன்றுகோலை விட்டோம். மிச்சமிருந்ததை வலது கையில் பிடிக்கச் சொன்னேன். அடிபட்ட பக்கத்திலேயே பிடிக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். எதிர்ப்பக்கம் பிடித்தால்தான் இடது இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்குப் பாரம் குறையும், மூட்டின் அழுத்தமும் இறங்கும்.

16ஆம் வாரம் ஊன்றுகோல் முழுதாகப் போனது, நொண்டல் வந்தது. இடது காலில் நிற்கும்போது வலது இடுப்பு கீழே தொங்கியது. சைக்கிளோட்டிகளுக்குத் தொடையின் முன்தசை இரும்பாக இருக்கும். பெடல் முன்னும் பின்னும் மட்டுமே கேட்பதால் பக்கவாட்டுத் தசைக்கு அங்கே பெரிய வேலை கிடையாது. ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, படிமேல் பக்கவாட்டில் ஏறுவது, ஒற்றைக் காலில் நிற்பது என்று அடுத்த எட்டு வாரம் அந்த ஒரு தசையின் பின்னாலேயே போனோம். சலிப்பான வாரங்கள். அவற்றைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, அவர் செய்தார் என்பதைத் தவிர.

ஏறுவதும் நிற்பதும்

24ஆம் வாரத்தில் வெளியே ஓட்ட அனுமதிக்கும் முன் நான் பார்த்தவை மிதிக்கும் பலத்தைப் பற்றியவை அல்ல. அது என்றைக்கோ வந்துவிட்டது, டிரெய்னரில் அப்போது 120 வாட் வலியில்லாமல் போனது. எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்க வேண்டும். அரைமணி நேரம் நொண்டாமல் நடக்க வேண்டும். இடது காலில் இடுப்பு தொங்காமல் 30 நொடி நிற்க வேண்டும். எதிர்பாராமல் நான் தோளைத் தொட்டுத் தள்ளினால் இடது காலைச் சட்டென ஊன்றி நின்றுவிட வேண்டும். தடுமாறும் கணத்தில் இடுப்பு மூட்டில் உடல் எடையின் எட்டு மடங்குக்கு மேல் சுமை விழுந்தது செயற்கை மூட்டுக்குள் வைத்த உணரிகளால் அளக்கப்பட்டிருக்கிறது. சைக்கிளில் போகிறவருக்கு அந்தக் கணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இடது கால் 7 மில்லிமீட்டர் குட்டையாகியிருந்தது. நடைக்குச் செருப்பில் ஒரு அட்டை போதும். சைக்கிளில் இந்தக் குறைவோடு சீட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இடுப்பு இடப்பக்கம் எட்டிப் பிடிக்கும். மணிக்கு ஐயாயிரம் தடவைக்கு மேல். இடது ஷூவுக்குள் பாதி உயரத்துக்கு ஒரு தகடு வைத்தோம், முழுதாக ஈடுகட்டாமல். பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கை 172.5 மில்லிமீட்டரிலிருந்து 165க்கு மாற்றச் சொன்னேன். கிராங்க் குட்டையானால் பெடல் மேலே வரும்போது இடுப்பு அவ்வளவு மடங்க வேண்டாம். ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தினோம். தட்டைப் பெடல் தொடர்ந்தது.

ஏறும் விதத்தைப் புதிதாகக் கற்றோம். வழக்கப்படி இடப்பக்கம் நின்று வலது காலைச் சுழற்றிப் போட்டால், அந்த நேரத்துக்கு இடது கால் தனியாகத் தாங்குகிறது, இடுப்பு முறுக்கிக்கொள்கிறது. சைக்கிளைத் தரையில் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, சட்டத்தைத் தாண்டி ஓரடி எடுத்து வைத்து நின்று, பிறகு சைக்கிளைக் கால்களுக்கு நடுவே நிமிர்த்த வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. தன் நண்பர்கள் முன்னால் அப்படி ஏற அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு ஞாயிறு அவர்களில் ஒருவர் தானும் அப்படியே ஏறிக் காட்டியிருக்கிறார். வெட்கம் போய்விட்டது.

காலியான ஒரு திடலில், காற்றில்லாத காலை. நான் ஓரமாக நின்றேன். நான்கு சுற்று. முதுகு தளர்ந்து, தோள் இறங்கி, ஆறு மாதம் இல்லாத ஒரு முகத்தோடு சுற்றி வந்தார். ஐந்தாவது சுற்றில் நிற்கச் சொன்னேன். பிரேக் பிடித்தார். வேகம் குறையக் குறையக் கை இறுகியது, விரல்முட்டிகள் வெளுத்தன. சைக்கிள் நிற்கும் நொடியில் வலது காலை வீசி ஊன்றினார். பதினான்கு ஆண்டாக இடது காலை ஊன்றியவர்.

அவருக்கு ஓடுவதில் பயம் இல்லை. விழுந்தது நிற்கும்போது, பயமும் அங்கேயே தங்கியிருந்தது. மறுபடி ஓட்டிப் பழகினால் பயம் போய்விடும் என்பது இவருக்குப் பொருந்தாது, ஏனென்றால் நூறு கிலோமீட்டரில் நிற்பது நாலைந்து இடத்தில்தான். அன்றிலிருந்து ஓட்டப் பயிற்சியை விட்டுவிட்டு நிற்கும் பயிற்சி வைத்தோம். பத்து மீட்டர் போக வேண்டும், நிற்க வேண்டும். இடது காலில் பத்து, வலது காலில் பத்து. பிறகு நான் கைதட்டும்போது. பிறகு கைதட்டும் கணத்தில் எந்தக் கால் என்று நான் சொல்வதைக் கேட்டு. நோட்டில் அந்த நாள்களின் வரி: "நிறுத்தம் 40. இடது 20. கை நடுங்கல."

இப்போது

அறுவை முடிந்து 14 மாதம் ஆகிறது. வாரத்துக்கு 120 கிலோமீட்டர் ஓட்டுகிறார். இரண்டு நாள் எடைப் பயிற்சி, தினமும் நடை. குளிர்காலத்தில் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் பக்கவாட்டில் உரசல் தெரிகிறது என்கிறார். கழற்றுவதா என்று அறுவை மருத்துவர் இன்னும் முடிவு செய்யவில்லை. 13ஆம் மாத எக்ஸ்ரேயில் தலை உருண்டையாகத்தான் இருக்கிறது. இரண்டு ஆண்டு முடியும்வரை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கிளிட் ஷூ அலமாரியில் இருக்கிறது. போன முறை வந்தபோது அதைப் பற்றிக் கேட்டார். பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டு தாளை எடுத்து எழுதினேன்: டிரெய்னரில், மிதிக்காமல் நிறுத்திய நிலையில், இடது பெடல் மட்டும், கிளிட்டை இறுக்கிப் பிடிக்கும் இழுவிசைத் திருகை ஆகக் குறைந்த அளவில் வைத்து, 20 முறை கழற்றல். மறுநாள் காலை எண்ணை எழுதவும்.